மாதா கோயில் சுவரில் என் மகளின் பெல்ட்

என் நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே சொல்லிவிட்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார், மன்னித்தால்தான் மனசு லேசாகும் என்றார். கனமாகவே இருக்கட்டும் சாமி, பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்ன அபராதம் கொடுத்தார் என்றுகூடக் காதில் வாங்கவில்லை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. ரெட்டியார்பாளையத்தில் அவருடைய சொந்த வீடு. கீழே அவர் தனியாக, மாடியில் நாங்கள் மூன்று பேர். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இறந்து பல வருடமாகிறது. தெருவில் இன்னமும் எங்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகளைத் தன் பிள்ளை என்று சொல்வார். சொல்வதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் அவருக்கும் ஒரு வம்பும் வந்திருக்காது.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பேன் சீப்பை எடுத்தேன். அவள் வகுப்பில் பேன் இல்லாத தலையே கிடையாது, டீச்சர் தலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தரையில் பழைய பேப்பரை விரித்து, அவளை நின்றபடியே குனியச் சொல்லி, முடியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்கழுத்திலிருந்து வாரினேன். மெல்லிய பனியன்தான் போட்டிருந்தாள். வலது பக்க முதுகு மட்டும் மேடாக எழும்பி நின்றது. இடது பக்கம் தட்டையாக இருந்தது. கோணலாகக் குனிகிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்து, ஒழுங்காகக் குனி என்றேன். ஒழுங்காகத்தான் குனிகிறேன் என்றாள். நிமிரச் சொன்னேன், மேடு போய்விட்டது. மறுபடி குனியச் சொன்னேன், வந்துவிட்டது. பேப்பரில் பேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைக்கூட நசுக்கத் தோன்றாமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஊரே டாக்டரானது. புத்தகப் பை கனம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் பில் போடும் துணிக்கடையின் முதலாளி சம்சாரம், எல்லாம் செல்போன் பார்ப்பதால் என்றார். அவர் கையில் அப்போதும் செல்போன்தான் இருந்தது. பள்ளியில் பி.டி. டீச்சர், இவள் வரிசையில் கோணலாக நிற்கிறாள், உடம்பில் சோம்பேறித்தனம் என்று பல நாள் வெயிலில் நிறுத்திவைத்தது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. என் நாத்தனாரோ, நேராக நில் என்று அதட்டுவதற்குக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த ஒரு பிரெஞ்சு வாக்கியம் வைத்திருந்தார். என் மகள் மாடிப்படி ஏறும்போதெல்லாம் தோள்பட்டைகளுக்கு நடுவே விரலால் குத்தி அதைச் சொல்வார். அந்த வாக்கியத்தால் உலகத்தில் ஒரு முதுகெலும்பும் நிமிர்ந்திருக்காது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்களுக்குப் பின்னால், ஸ்கூட்டரில் சொகுசாக வந்த நாங்கள் வரிசையில் நின்றோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். சிரிக்கவே இல்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எக்ஸ்ரேயில் கோடுகள் போட்டுக் காட்டினார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, வளையும்போது கொஞ்சம் திருகவும் செய்கிறது, அந்தத் திருகல்தான் குனியும்போது மேடாகத் தெரிகிறது என்றார். பையோ, செல்போனோ, நிற்கும் விதமோ காரணமில்லை, பெற்றவர்கள் தப்பும் இல்லை, ஏன் வருகிறது என்றே பல பேருக்குத் தெரிவதில்லை என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேலும் தப்பில்லை என்றால் நான் யாரோடு சண்டை போடுவது? பி.டி. டீச்சரை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன்.

பெல்ட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் என்னைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"ஒண்ணு நல்லா ஞாபகம் வெச்சுக்குங்கம்மா. பெல்ட் இந்த வளைவை சரி பண்ணாது. இதுக்கு மேல வளையாம புடிச்சு வெச்சிருக்கும், அவ்ளோதான். பாப்பா இன்னும் பெரிய மனுஷி ஆவல, இனிமேதான் சரசரன்னு வளருவா. வளர்ச்சி நிக்கிற வரைக்கும் புடிச்சுட்டோம்னா ஆபரேஷன் வேணாம். விட்டுட்டோம்னா கம்பியும் ஸ்க்ரூவும் வெச்சுத்தான் நிமிர்த்தணும்."

என் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். டீயை வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருந்து, அப்படியே கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தார். 

உடம்பில் மாவுக்கட்டு போட்டு அளவெடுத்து, சில வாரம் கழித்துப் பெல்ட்டைக் கொடுத்தார்கள். பெல்ட் என்று எல்லோரும் சொல்வதால் நானும் சொல்கிறேன். அக்குளிலிருந்து இடுப்பு எலும்புக்குக் கீழே வரை நீளும் கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் கூடு அது. முதுகுப் பக்கம் திறந்திருக்கும். மூன்று பட்டைகள். உள்ளே மேட்டின்மேல் அழுத்துகிற மாதிரி ஒரு பஞ்சு மெத்தை. குளிக்கிற நேரம் தவிர ராத்திரி பகல் அதற்குள்தான் இருக்க வேண்டும். தானே போட்டுக்கொள்ள முடியாது, பின்னாலிருந்து ஒருவர் இழுத்துக் கட்ட வேண்டும். தினமும் நான்தான் அவள் இடுப்பில் முழங்காலை வைத்து இழுப்பேன்.

புதுச்சேரி மே மாதத்தை அனுபவித்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போடும் பருத்தி பனியனைப் பிழிந்தால் சொட்டும். விலா எலும்பில் தோல் சிவந்து, வேர்க்குரு வெடித்து, கரண்ட் போகும் ராத்திரிகளில் விசிறியால் கழுத்துப் பக்கத்து இடுக்கில் காற்றை அனுப்புவேன். கழற்றிவிடு என்று அழுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு முடியாது என்பேன். பள்ளியில் ஒரு பெண் அவள் முதுகைக் கதவு மாதிரி தட்டி, உள்ளே யாராவது இருக்கீங்களா என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் கேட்டுக்கு வெளியே காத்திருந்து, அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் அம்மா சண்டைக்கு வந்தாள். வரட்டும் என்றுதான் இருந்தேன், அவளுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

நாத்தனாருக்கு அந்தப் பெல்ட்டைக் கண்டாலே ஆகாது. விருந்தாளி வந்தால் என் மகளை மாடிக்குப் போகச் சொல்வார். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் பத்துப் பெண்கள் வந்தால், கோயில் பங்கு முழுக்கப் பேச்சாகிவிடும் என்று பயம். நாளைக்கு இவள் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று கேட்கும்போது இதை யாராவது கிளப்பினால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு ஓலை! அந்த நேரத்தில் கையில் இட்லிக் கரண்டி இருந்தது, எறியாமல் வைத்துக்கொண்டதற்கு மோட்சத்தில் எனக்கு ஏதாவது எழுதியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் வேண்டிக்கொண்டது இந்தச் சமயத்தில்தான். கடலோரத்தில் ஒரு மாதா கோயில், பஸ்ஸில் போய்வருகிற தூரம். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த மாதாவோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. நோய் தீர்ந்தவர்கள் நன்றிக்காகக் கொண்டுவந்து மாட்டுகிற சுவர் ஒன்று அங்கே உண்டு. வெள்ளிக் கண், வெள்ளிக் கால், ஊன்றுகோல், சின்னத் தொட்டில் என்று சுவர் நிறையத் தொங்கும். பிள்ளையின் முதுகு நேரானால் இந்தப் பெல்ட்டை அந்தச் சுவரில் மாட்டுகிறேன் என்று வேண்டியிருந்தார். வேண்டட்டும், நானும்தான் ஜெபமாலை உருட்டுகிறேன் என்று விட்டுவிட்டேன்.

பெல்ட் போட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகும்போது, ஆஸ்பத்திரியில் அதோடு நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். நன்றாகப் பிடிக்கிறது என்றார் டாக்டர். அந்தப் படத்தை நாத்தனார் கீழே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு கிட்டத்தட்ட நேராக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. மாதா செய்துவிட்டாள் என்றார். இது பெல்ட்டோடு எடுத்த படம், அவரைக் கொடியைக் கொம்பில் கட்டினால் நேராகத்தான் நிற்கும், கட்டை அவிழ்த்தால் சாயும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். நீ டாக்டரா என்று கேட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அந்த மாதக் கடைசியில் என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். கடலூருக்குப் போய்ச் சில நாள் இருக்க வேண்டியதாயிற்று. பட்டையை எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குப் பேனாவால் குறித்துக் காட்டிவிட்டுத்தான் போனேன். போனில் கேட்டபோதெல்லாம், எல்லாம் நடக்கிறது என்றார்.

திரும்பி வந்த அன்று மதியம் என் மகள் கீழ் வீட்டில் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துத் தைத்த நீலக் கவுன். அவள் அத்தை தைத்துக் கொடுத்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.  பெல்ட் எங்கே என்று கேட்டேன். அவள் அத்தையைப் பார்த்தாள்.

"மாதாகிட்ட குடுத்தாச்சு" என்றார் நாத்தனார். "கோயில் திருவிழா கொடியேத்தத்து அன்னிக்கே போய் மாட்டிட்டு வந்துட்டோம். நேத்து நவநாள் ஜெபத்துல அந்தக் கோயில் சாமியார் இந்த அற்புதத்தை சாட்சியா சொன்னாரு."

நான் கத்தியது மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும். கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வீட்டுக்காரர் வந்தார். அக்கா கேட்டார், நான் எப்படி மறுப்பது என்றார். திருவிழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிள்ளை வளர்வதற்குத் திருவிழா விடுமுறை உண்டா என்று கேட்டேன். புதிதாக ஒன்று செய்யச் சொல்லலாமே என்றார். மறுபடி மாவுக்கட்டு, மறுபடி சில வாரம், அதுவரை அந்த எலும்பை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் அக்காவா என்றேன். நாத்தனார் அசையவில்லை. மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் அது பிள்ளையின் தலையில்தான் விடியும், முன்னைவிட மோசமாக வளையும் என்றார். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். என் மகளின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பெல்ட்டை எடுத்துக்கொண்டு போனதைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. அந்தப் பயத்தைப் பிள்ளை மனசில் போட்டாரே, அதற்கு மன்னிப்பு கிடையாது.

மகளிடம், ஏறு வண்டியில் என்றேன். ஏறினாள். கவுனை மாற்றக்கூட விடவில்லை. வழியெல்லாம் என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு வந்தாள். எடுத்துவந்தால் மாதா கோபித்துக்கொள்வார்களாமே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பெற்ற அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கிறது, முதலில் அதைக் கவனி என்றேன். இதைவிட நல்ல பதில் அப்போது என்னிடம் இல்லை.

அன்று தேர்த் திருவிழா. பொரிக்கடை, பலூன், மைக் செட், காலை மிதிக்கிற கூட்டம். உள்ளே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தேன். வெள்ளிக் கால்களுக்கும் ஊன்றுகோல்களுக்கும் நடுவே, நெஞ்சுயர ஆணியில், என் மகளின் உடம்பு மாதிரியே அது தொங்கியது. மல்லிகைச் சரம் வேறு சுற்றியிருந்தார்கள். அந்தக் கூட்டைப் பார்த்தால் யாரோ பிள்ளையை எடுத்துக்கொண்டு தோலை மட்டும் விட்டுவிட்டுப் போனது போலிருந்தது.

கை வைத்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து தடுத்தார். காணிக்கையைத் தொடக் கூடாது, சாமியாரைக் கேளுங்கள் என்றார். சாமியார் தேர் வேலையில் வியர்த்துப்போய் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தபிறகு கண்ணில் தெரிந்த சங்கடத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று அத்தனை பேர் முன்னால் சாட்சியாகச் சொல்லியாகிவிட்டது, இப்போது இறக்கினால் ஜனங்களின் விசுவாசம் தடுமாறும், தேர் நிலைக்கு வரட்டும், பிறகு பின்பக்கமாக வந்து அமைதியாக வாங்கிப்போங்கள் என்றார். ஒரு ராத்திரிதானே அம்மா என்றார். எல்லோருக்கும் ஒரு ராத்திரிதான். வீட்டுக்காரருக்குத் திருவிழா முடியும்வரை, சாமியாருக்குத் தேர் நிற்கும்வரை. அந்த எலும்புக்கு மட்டும்தான் யாரும் தவணை வாங்கித் தரவில்லை. நான் வாயைத் திறந்தேன். கோயிலில் சொல்லக் கூடாத வார்த்தைகள்தான் வரிசையாக வந்து நின்றன.

அதற்குள் பக்கத்தில் ஒரு பெண் வந்துவிட்டாள். வைத்திக்குப்பத்துக்காரி என்று பிறகு தெரிந்தது. எட்டு வயசிருக்கும் மகளைக் கையில் பிடித்திருந்தாள். பெல்ட்டைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதே கையை அந்தக் குழந்தையின் சட்டைக்குள் விட்டு முதுகை மேலிருந்து கீழாகத் தடவினாள். குழந்தையின் ஒரு தோள் இன்னொன்றைவிட உயர்ந்திருந்தது. எனக்கே ஒரு பார்வையில் தெரிந்தது. பிறகு அவள் திரும்பி, இது யாருடையது என்று கேட்டாள். கோயில்பிள்ளை என் மகளைக் காட்டினார்.

"உனக்கா சரியாச்சு கண்ணு?" என்று கேட்டாள் அந்தப் பெண். "மாதா மேல பாரத்தைப் போட்டுட்டு சும்மா இருந்துட்டா போதும்னு சொல்றாங்களே. நெசமா?"

என் மகள் சாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பேச வாயெடுத்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு சரியாவல அக்கா" என்றாள். "அந்த எக்ஸ்ரே பெல்ட்டு போட்டுக்கிட்டு எடுத்தது. எனக்கு முன்னாடியே தெரியும். குளிக்கிறப்ப கையை விட்டுப் பாத்தேன், மேடு அப்படியேதான் இருக்குது. போடாம இருக்கிறது நல்லா இருந்துச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க பாப்பாவ கோரிமேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே போங்க, லேட் பண்ணாதீங்க."

குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அவள் கை நீட்டி, ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தாள். கோயில்பிள்ளை சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வருடமாகத் தொளதொளவென்ற சட்டைக்குள் அதை ஒளித்துவைத்தவள், அந்த நீலக் கவுனுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு முதுகை என் பக்கம் திருப்பினாள்.

"கோடு வரைக்கும் இழும்மா" என்றாள்.

கூட்டத்துக்கு நடுவே அவள் இடுப்பில் முழங்காலை வைத்து இழுத்தேன். மல்லிகைச் சரம் உள்ளே மாட்டி நசுங்கியது. கண்ணீர் மறைத்து எனக்குக் கோடு சரியாகத் தெரியவில்லை, அவளே தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றாள்.

அன்று ராத்திரி நாத்தனார் எங்களோடு பேசவில்லை, பிறகு பல மாதம் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது, நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்காரர் தினமும் காலையில் வந்து நின்று, பட்டையைத் தானே இழுக்கக் கற்றுக்கொண்டார்.   வளைவு கொஞ்சம் கூடியது, நின்றது, மறுபடி பயம் காட்டியது. ஒவ்வொரு எக்ஸ்ரேக்கு முன்னாலும் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அந்தச் சிரிக்காத டாக்டர், வளர்ச்சி நின்றுவிட்டது, பெல்ட் போதும் என்றார். வளைவு இருக்கிறது, எப்போதும் இருக்கும். குனிந்தால் மேடு தெரியும். ஆபரேஷன் வேண்டாம். என் மகளுக்கு இப்போது பதினைந்து. டாக்டர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தோம், பெரிய அழகொன்றும் இல்லை, எனக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வாசலில் நின்றிருந்தார். வீட்டுக்காரர் போனில் சொல்லியிருப்பார். பெல்ட் என் மகளின் கையில் இருந்தது. நாத்தனார் அதைப் பார்த்தார். மாதாதான் காப்பாற்றினாள், நான் அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டீர்கள் என்றார். மூன்று வருடமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நான் முன்னால் வந்தேன். என் மகள் எனக்கு முந்திக்கொண்டாள்.

"மாதாதான் அத்தை" என்றாள். "அன்னிக்கு நீங்க குடுத்தத அவங்க வெச்சுக்கலியே. என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க."

 நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சொல்லாமல் போன என் பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு, நான் என் மகளின் பின்னால் மாடிப்படி ஏறினேன். நடுப் படியில், யார் விரலும் குத்தாமல், அவள் தானாகவே நிமிர்ந்தாள்.